ரத்தத்தில் வருவதா நீச்சல்?

வணக்கம் சார்,

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் தீயில் வீட்டோடு பத்து ஒலிம்பிக் பதக்கங்களையும் பறிகொடுத்த அமெரிக்க நீச்சல் வீரர் கேரி ஹால் ஜூனியரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அப்பாவும் மூன்று ஒலிம்பிக், மகனும் மூன்று ஒலிம்பிக். இதெல்லாம் ரத்தத்தில் ஊறி வர வேண்டும் போல. எங்கள் பரம்பரையில் யாரும் பந்தைக்கூடத் தொட்டதில்லை. ஒன்பது வயதுப் பையனை நீச்சல் வகுப்பில் சேர்த்திருக்கிறேன். தண்டச் செலவோ?

கே.

அன்புள்ள கே.,

ரத்தம் என்று பார்த்தால் அந்த வீட்டில் அதற்குக் குறைவே இல்லை. அம்மா வழித் தாத்தா சார்லஸ் கீட்டிங் 1946-இல் அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையிலான நீச்சலில் சாம்பியன் (பின்னாளில் நிதி மோசடி வழக்கில் அவர் சிறைக்குப் போனது தனிக்கதை), மாமா 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் நீந்தியவர், அதே ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் அமெரிக்கக் கொடியைப் பிடித்துக்கொண்டு நடந்தவர் அப்பா கேரி ஹால் சீனியர்.

ஆனால் அப்பா 1968-இல் மெக்சிகோவில் வெள்ளி வாங்கியது 400 மீட்டர் மெட்லியில், அதாவது நாலு விதமாகவும் நீந்தி ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தம் கட்ட வேண்டிய பந்தயம். மகன் பேர் வாங்கியதோ 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில். 2000 சிட்னியில் 21.98 நொடியில் ஆண்டனி எர்வினோடு தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார். முன்னதற்கு வேண்டிய உடம்பு வேறு, பின்னதற்கு வேறு. அப்பாவின் உடல்வாகு அப்படியே இறங்கி வந்திருந்தால் கணக்கு இப்படி அமைந்திருக்காது. போதாததற்கு 1999-இல் அந்த ரத்தத்தில் சர்க்கரை வேறு: டைப் 1 நீரிழிவு, இனி போட்டியை மறந்துவிடு என்றார்கள். ஆன் பீட்டர்ஸ் என்ற டாக்டர்தான் நீந்தலாம் என்று கூடவே நின்றார். 2004-இல் ஏதென்ஸிலும் அதே 50 மீட்டரில் தங்கம், அப்போது வயது 29.

அந்த வீட்டில் எனக்கு அப்பா ஹால்தான் அதிகம் பிடித்தவர். பல வருடம் கண் அறுவை சிகிச்சை நிபுணராக இருந்துவிட்டு, ஃப்ளோரிடாவின் இஸ்லமொராடாவில் மகனோடு தொடங்கிய ரேஸ் கிளப் என்ற நீச்சல் பயிற்சி மையத்தில் முழுநேரப் பயிற்சியாளர் ஆகிவிட்டார். அங்கே அவர் விடாமல் சொல்லும் விஷயம் முழங்கை. குழந்தைகள் (பெரியவர்களும்தான்) கையை நீட்டி ஆழமாக இழுப்பார்கள், நல்ல பலம் கிடைத்த மாதிரி இருக்கும், ஆனால் அப்படி இழுக்கும்போது மேல்கை பலகையைப் போல எதிரே நின்று தண்ணீரை மறிக்கும். முழங்கையை மேலேயே வைத்து முன்கையை மட்டும் கீழே மடக்கி இழுத்தால் விசை கொஞ்சம் குறையும், தடை அதைவிட நிறையக் குறையும். முதலில் யாருக்கும் இது இயல்பாக வராது, அவர் பேரனாக இருந்தாலும் சரி. பக்கத்தில் நின்று யாராவது திருத்த வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பெரிய சொத்து, திருத்தத் தெரிந்த ஆள் சாப்பாட்டு மேசையிலேயே இருந்ததுதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் வீட்டில் அப்படி ஆள் இல்லை, சரி. அதற்குத்தானே ஃபீஸ் கட்டுகிறீர்கள்? ஒரு நாள் குளக்கரையில் உட்கார்ந்து பாருங்கள். கோச் பையனின் கையைப் பிடித்துக் காட்டுகிறாரா, இல்லை "இன்னும் பத்து ரவுண்டு" என்று சொல்லிவிட்டு போனைப் பார்க்கிறாரா? இரண்டாவது என்றால் இடத்தை மாற்றுங்கள், நீச்சலை நிறுத்த வேண்டாம். ஒன்பது வயதில் ஸ்டாப்வாட்ச்சும் தேவையில்லை. அப்புறம், பெரியவர்களுக்கு அங்கே தனி நேரம் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை விசாரித்து வையுங்கள், நீங்களும் இறங்கலாம்.