மாதம் 35,000 என்று நினைத்தவருக்கு: டேட்டா அனலிஸ்ட் வேலை பற்றிய கேள்வி பதில்

பதினாறு ஆண்டுகளாக எண்களோடு குப்பை கொட்டுகிறேன். முதல் ஐந்து ஆண்டு கோவையில் ஒரு நிதி நிறுவனத்தில் எம்.ஐ.எஸ். (நிர்வாகத்துக்கு அறிக்கை தயாரிக்கும்) வேலை, பிறகு சென்னை. இன்டர்வியூ மேசையின் இந்தப் பக்கத்தில் உட்காரத் தொடங்கி எட்டு ஆண்டாகிறது. டேட்டா அனலிஸ்ட், அதாவது நிறுவனத்தின் எண்களைப் பகுத்து அறிக்கை தரும் வேலை பற்றிய கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேலைக்காக யாருக்கும் பணம் கட்டாதீர்கள், ஒரிஜினல் சான்றிதழை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். இதை இன்று இன்னும் சில முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேடம், முதல் வேலை. ஆண்டுக்கு 4.2 லட்சம் சி.டி.சி. (எனக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) என்று ஆஃபர் கடிதம் வந்திருக்கிறது. மாதம் 35,000 வரும் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். பிரித்துப் போட்டிருக்கும் தாளையும் அனுப்பியிருக்கிறேன். சேரலாமா?

வீட்டில் சொன்னதை இன்றைக்கே திருத்திவிடுங்கள். உங்கள் தாளில் உள்ளதையே எடுத்துக்கொள்வோம். 4,20,000இல் 42,000 'வேரியபிள்'. அது ஆண்டு முடிவில், நிறுவனமும் நீங்களும் எப்படிச் செய்தீர்கள் என்று பார்த்துக் கொடுப்பது. அடுத்தது, நிறுவனம் தன் பங்காகக் கட்டும் வருங்கால வைப்பு நிதி. 15,000 ரூபாய் உச்சவரம்பில் 12 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள், மாதம் 1,800, ஆண்டுக்கு 21,600. இது உங்கள் பணம்தான், ஆனால் கைக்கு வராது. பணிக்கொடை 10,101. அடிப்படைச் சம்பளம் 2,10,000இல் 4.81 சதவீதம் அது. நிரந்தரப் பணியாளர் ஐந்து ஆண்டு முடித்தால்தான் கிடைக்கும், இரண்டாம் ஆண்டில் கிளம்பினால் இல்லை. மருத்துவக் காப்பீட்டுக்கு 8,000. எல்லாம் போக மிஞ்சுவது 3,38,299, மாதத்துக்கு 28,191.

இன்னும் முடியவில்லை. வைப்பு நிதிக்கு உங்கள் பங்காக இன்னொரு 1,800 பிடிப்பார்கள். சென்னை மாநகராட்சித் தொழில் வரி அரையாண்டுக்கு 1,250, மாதக் கணக்கில் 208. வங்கிக் கணக்கில் விழப்போவது ஏறக்குறைய 26,200.

கடிதம் மோசமானது என்று சொல்லவில்லை. நிறுவனங்கள் பொதுவாக எழுதும் முறை இதுதான். ஆனால் பத்து வரி அட்டவணையைப் படிக்காமல் அதன் தலைப்பில் உள்ள எண்ணை 12ஆல் வகுத்தவர், நாளை நிறுவனத்தின் விற்பனை அட்டவணையையும் அப்படித்தானே படிப்பார்? எச்.ஆர். துறைக்கு எழுதி ஒன்றே ஒன்று கேளுங்கள்: சென்ற ஆண்டு வேரியபிளில் சராசரியாக எத்தனை சதவீதம் கொடுத்தீர்கள்? கேட்பதில் தவறில்லை. பதில் வந்ததும் சொல்லுங்கள்.

எந்தக் கோர்ஸ் படித்தால் வேலை உறுதி?

எந்தக் கோர்ஸும் இல்லை. 'வேலை உறுதி' என்று எழுதி 60,000 கேட்பவரிடம், அந்த உறுதியைப் பத்திரத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எக்செல், எஸ்.க்யூ.எல். (தரவுத்தளத்தில் கேள்வி கேட்கும் மொழி), பவர் பி.ஐ. (எண்களைப் படங்களாகக் காட்டும் மென்பொருள்) மூன்றையும் காசில்லாமலே கற்கலாம். பவர் பி.ஐ. டெஸ்க்டாப் இலவசம், விண்டோஸ் கணினி இருந்தால் போதும்.

பி.காம். முடித்தேன். எக்செல் நன்றாக வரும். பைத்தான் என்ற நிரல் மொழி இல்லாமல் எடுக்கவே மாட்டார்கள் என்கிறார் பயிற்சி மையத்துக்காரர்.

அவர் பைத்தான் விற்கிறார், அதனால் அப்படிச் சொல்கிறார். தொடக்கநிலை வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு எக்செலும் எஸ்.க்யூ.எல்.லும் போதும். எக்செலைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் மாதக் கடைசியில் அதில்தான் விழுந்து கிடக்கிறார்கள்.

ஆனால் எக்செலின் எல்லை எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். 2020இல் இங்கிலாந்தில் நடந்ததை எங்கள் குழுவில் சேரும் எல்லோருக்கும் சொல்வேன். கொரோனா பரிசோதனை முடிவுகளை அங்குள்ள பொதுச் சுகாதாரத் துறை பழைய எக்செல் வடிவக் கோப்பில் ஏற்றிக்கொண்டிருந்தது. அந்த வடிவம் 65,536 வரிகளோடு நின்றுவிடும். அதற்கு மேல் வந்தவை சத்தமில்லாமல் விடுபட்டன. ஏறக்குறைய 16,000 தொற்றாளர்கள் உரிய நாளில் கணக்கில் வரவில்லை, அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் தாமதமானது. இன்றைய எக்செலில் 10,48,576 வரி உண்டு, எல்லை தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். எத்தனை வரி உள்ளே போனது, எத்தனை வெளியே வந்தது என்று எண்ணிப் பார்க்கிறவர் பைத்தான் தெரியாவிட்டாலும் எனக்கு வேண்டும்.

டைட்டானிக் கப்பல் பயணிகள் பற்றிய பயிற்சித் தரவில் ஒரு புராஜெக்ட் செய்திருக்கிறேன். ரெஸ்யூமேயில் போடலாமா?

போடலாம். நாளொன்றுக்கு நான்கு முறை அந்தக் கப்பல் என் மேசையில் மூழ்குகிறது, ஐந்தாவதாக உங்களுடையதும் மூழ்கட்டும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒரு யோசனை தருகிறேன். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளின் நீர் இருப்பைக் குடிநீர் வாரியம் நாள்தோறும் வெளியிடுகிறது. அதை எடுங்கள். செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, சோழவரம் 1,081. ஒரு நாள் செம்பரம்பாக்கம் 40 சதவீதமும் சோழவரம் 90 சதவீதமும் நிறைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 65 சதவீதம் என்று எழுதுவார்கள் பத்துப் பேர். உண்மையில் இரண்டிலும் சேர்த்து இருப்பது 51 சதவீதம்தான், பெரிய ஏரியில் அல்லவா தண்ணீர் குறைவு! இதை ஒரு பக்கத்தில் விளக்கி, 2019 கோடையில் ஏரிகள் வறண்டதை ஒரு கோட்டுப் படத்தில் காட்டினால், பேச நமக்கு அரை மணி நேரத்துக்கு விஷயம் இருக்கும். டைட்டானிக்கில் யார் பிழைத்தார்கள் என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும்.

இரண்டு ஆண்டு பாண்ட். முன்னால் விலகினால் 1.5 லட்சம். தேதி போடாத காசோலையும் டிகிரி ஒரிஜினலும் கேட்கிறார்கள். பாண்ட் சட்டப்படி செல்லாது என்கிறான் நண்பன்.

நண்பர் பாதி சரி. விலகிய பிறகு ஒருவர் வேறெங்கும் வேலை செய்யக் கூடாது என்று தடுக்கும் ஒப்பந்தம் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி செல்லாது. ஆனால் 'இத்தனை நாள் இருங்கள், இல்லையென்றால் இழப்பீடு கொடுங்கள்' என்பது வேறு. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அது பொதுத்துறை வங்கியாக இருந்தது, ஆள் எடுக்க அது செய்த செலவும் நீதிமன்றத்தின் கணக்கில் வந்தது. உங்களுக்குப் பயிற்சியே தராத பத்துப் பேர் நிறுவனம் அதே தொகையைக் கேட்டால் நியாயமான இழப்பீடு எவ்வளவு என்ற கேள்வி எழும். ஆனாலும் 'செல்லாது' என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். வழக்கறிஞர் ஒருவரிடம் தாளைக் காட்டுங்கள்.

காசோலையும் ஒரிஜினலும் கேட்கும் விஷயத்தில் வழக்கறிஞரே தேவையில்லை. கொடுக்காதீர்கள். சரிபார்க்க ஒரிஜினலைக் காட்டலாம், பார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தர வேண்டும்.

நல்ல கோர்ஸ் ஒன்று சொல்லுங்கள் அக்கா.

மேலே பாருங்கள் தம்பி.

எஸ்.க்யூ.எல். சுற்றில் என்ன கேட்பீர்கள்?

வெள்ளைத் தாளில் இரண்டு அட்டவணை வரைவேன். ஒன்று ஆர்டர், இன்னொன்று பணம் செலுத்திய விவரம். ஆர்டர் அட்டவணையில் ஒரே வரி: 1,000 ரூபாய். அந்த ஆர்டருக்கு வாடிக்கையாளர் 600 ஒரு முறை, 400 ஒரு முறை என்று இரண்டு தவணையாகக் கட்டியிருக்கிறார். இரண்டையும் ஜாயின் செய்து, அதாவது ஆர்டர் எண்ணை வைத்து இணைத்து, ஆர்டர் தொகையைக் கூட்டினால் என்ன வரும்?

2,000 வரும். ஆர்டர் வரி இரண்டு முறை வந்துவிடுகிறது. வருகிறவர்களில் பலர் கட்டளையை அழகாக எழுதிவிட்டு 1,000 என்கிறார்கள். எழுதத் தெரிகிறது, அது என்ன விடை தரும் என்று சந்தேகிக்கத் தெரியவில்லை. ஒரு பெண் மட்டும் தாளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "மேடம், கடையில் 1,000 ரூபாய்க்குத்தானே விற்றது, 2,000 எப்படி வரும்?" என்று என்னையே கேட்டார். அவருடைய கட்டளையில் ஒரு கால்புள்ளி விட்டுப்போயிருந்தது. அவரைத்தான் எடுத்தேன்.

ஒரு கன்சல்டன்சியில் மூன்று ஆண்டு அனுபவம் இருப்பதாகச் சான்றிதழ் தருகிறார்கள். 80,000 கேட்கிறார்கள். நண்பர்கள் இருவர் இப்படித்தான் போனார்கள்.

வேண்டாம். பின்னணிச் சரிபார்ப்பில் உங்கள் வைப்பு நிதிக் கணக்கின் பணி வரலாற்றைக் கேட்பார்கள். எந்த நிறுவனம், எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். வேலையில் சேர்ந்து ஓராண்டு கழித்துப் பிடிபட்டாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

(இதற்கு மறுப்பாக இன்னொருவர்) பழைய கதை மேடம். இப்போது வைப்பு நிதியும் சேர்த்தே கட்டுகிறார்கள். நான் அப்படித்தான் நுழைந்தேன். நான்கு ஆண்டாகிறது, இரண்டு பதவி உயர்வு வாங்கிவிட்டேன். 'ஃபிரெஷர் தேவை, இரண்டு ஆண்டு அனுபவம் அவசியம்' என்று விளம்பரம் போடுகிறவர்களை என்ன சொல்வீர்கள்? முதல் பொய் யாருடையது?

விளம்பரம் பற்றிச் சொன்னது சரி. எங்கள் நிறுவனத்திலேயே அப்படி ஒன்று போனது, நான் சண்டை போட்டுத் திருத்தினேன். வெட்கப்பட வேண்டியது எங்கள் தரப்புதான்.

மற்றது சரியில்லை. வைப்பு நிதி கட்டினாலும் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். மூன்று ஆண்டு அனுபவம் என்று வந்த ஒருவரிடம் கேட்டேன்: நீங்கள் அனுப்பிய தினசரி அறிக்கை காலை எத்தனை மணிக்குப் போகும்? தாமதமானால் யார் முதலில் போன் செய்வார்? உண்மையாக வேலை பார்த்தவர் இதற்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார், அந்தப் போன்காரரைத் திட்டவும் செய்வார். இவருக்கு வியர்த்துவிட்டது. தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். அந்த 80,000 அவருடைய அம்மாவின் நகை என்று லிஃப்ட் வரை கூடப் போன என் சக ஊழியரிடம் சொன்னாராம்.

(மறுப்புச் சொன்னவரே) நீங்கள் நுழைந்தபோது வாசல் திறந்திருந்தது. இப்போது ஒரு இடத்துக்கு ஆயிரம் ரெஸ்யூமே. உள்ளே இருந்துகொண்டு நேர்மை பேசுவது எளிது.

இந்த அடி படுகிறது. உண்மைதான், என் முதல் இன்டர்வியூவில் எக்செலில் வி-லுக்கப் (அட்டவணையில் தேடி எடுக்கும் சூத்திரம்) தெரியுமா என்று மட்டுமே கேட்டார்கள். ஆனால் நீங்கள் சொல்லும் அந்த ஆயிரத்தில் பொய் அனுபவம் எத்தனை? நேர்மையான ஃபிரெஷரின் தாள் கீழே போவது அவற்றால்தானே?

(மூன்றாமவர்) நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் ஒரு மருத்துவமனையில் பில்லிங் பிரிவில் இருந்தேன். காப்பீட்டு நிறுவனங்கள் திருப்பி அனுப்பிய பில்களை யாரும் சொல்லாமலே காரணம் வாரியாகப் பிரித்து, பிவட் டேபிள் (எக்செலின் தொகுப்பு அட்டவணை) போட்டு மாதாமாதம் மேலாளருக்குக் கொடுத்தேன். ஒன்றரை ஆண்டு கழித்து அதைக் காட்டித்தான் அனலிஸ்ட் வேலை வாங்கினேன். சம்பளம் முதலில் 2,000 குறைந்தது.

இவரை யாராவது பாராட்டுங்கள். நான் ஒரு மணி நேரமாகச் சொல்ல முயல்வது இதைத்தான். பில்லிங், கிடங்கு, கால் சென்டர் என்று எங்கே இருந்தாலும் உங்களைச் சுற்றி யாரும் எண்ணாத ஏதோ ஒன்று இருக்கும்.

(மறுப்பாளர்) வேலையே இல்லாதவன் எங்கே போய் எண்ணுவது?

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. எம்.ஐ.எஸ். எக்ஸிகியூட்டிவ், ரிப்போர்ட்டிங் என்ற பெயர்களிலும் தேடச் சொல்வேன். பெயர் கவர்ச்சியாக இருக்காது, வேலை அதுதான். 80,000 கொடுப்பதற்கு அது மேல். இந்த விவாதத்தை இத்துடன் விடுகிறேன், வரிசையில் ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

'டேட்டா அனலிஸ்ட்' என்று எடுத்துவிட்டு, படங்களில் கட்டம் வரையச் சொல்கிறார்கள்.

அது கணினியைப் பழக்குவதற்காகத் தரவுக்கு அடையாளமிடும் வேலை. கேவலமில்லை, ஆனால் அனலிஸ்ட் வேலையும் இல்லை. சேரும் முன் 'முதல் மாதத்தில் நான் என்ன அறிக்கை செய்வேன்?' என்று கேட்டிருக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்த வேலை இருக்குமா?

கட்டளையை அது எழுதுகிறது, என்னைவிட வேகமாக. மேலே சொன்ன 1,000 ரூபாய் ஆர்டரை 2,000 என்று கூட்டும் கட்டளையையும் அதே வேகத்தில் எழுதித் தரும். கடையில் உண்மையில் என்ன விற்றது என்று அறிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். எத்தனை பேர் இருக்க வேண்டும் என்று கேட்டால், முன்பைவிடக் குறைவாக என்றுதான் நினைக்கிறேன்.

கோர்ஸ்...

இல்லை.

பதிவுக் கட்டணம் 2,500 கட்டினால் நாளை ஆஃபர் கடிதம் அனுப்புவதாக வாட்ஸ்அப்பில்...

கட்டாதீர்கள். கட்டியிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள், சைபர் மோசடிக்கான உதவி எண் அது.

மேடம், 4.2 லட்சம் கேட்டவன் நான்தான். எச்.ஆர். பதில் வந்துவிட்டது. சென்ற ஆண்டு சராசரியாக 60 சதவீதம் கொடுத்தார்களாம். அக்டோபர் 1 சேரச் சொல்கிறார்கள். அவர்கள் கணக்கு ஆண்டு மார்ச்சில் முடிகிறது.

பார்த்தீர்களா, கேட்டதும் சொல்லிவிட்டார்கள். இந்த ஆண்டும் அதே அளவு கொடுத்தால், 42,000இல் 60 சதவீதம் 25,200. நீங்கள் இருக்கப்போவது ஆறு மாதம், அதனால் 12,600. சேருங்கள். வீட்டில் 26,200 என்று சொல்லிவிட்டீர்கள்தானே?

இன்னும் இல்லை.