மழைநீர் வடிகாலில் வீட்டு நீரை விடலாமா?

கேள்வி: எங்கள் வீட்டு வாஷிங் மெஷினின் வெளியேற்றக் குழாய் பின்புறமுள்ள மழைநீர் வடிகாலில் இணைக்கப்பட்டுள்ளது. கழிவறை நீர் அதில் கலப்பதே இல்லை. ஆனாலும் இணைப்பைத் துண்டிக்குமாறு உள்ளாட்சி அலுவலகம் அறிவிப்பு அனுப்பியிருக்கிறது. வெறும் சோப்பு நீருக்குமா தடை?

பதில்: ஆம், சோப்பு நீருக்கும்தான். கழிவுநீர்க் குழாயில் இறங்கும் நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், அங்கே பல கட்டங்களைக் கடந்த பிறகே வெளியேறுகிறது. மழைநீர் வடிகாலின் முடிவிலோ பெரும்பாலும் எந்த நிலையமும் இருப்பதில்லை. தெருவோரக் கம்பி வலைக்குள் விழுவது அப்படியே ஆற்றையோ ஏரியையோ கடலையோ சேர்கிறது. மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடும் பழைய முறை லண்டன், பாரிஸ் போன்ற நகரங்களின் சில பகுதிகளில் இன்னும் உண்டு என்றாலும், உங்களுக்கு வந்துள்ள அறிவிப்பைப் பார்த்தால் உங்கள் பகுதியில் இரண்டும் தனித்தனி என்பது தெளிவு.

சலவைத் தூளில் நுரையை உண்டாக்கும் வேதிப்பொருள்கள் மீன்களின் செவுள்களைப் பாதிக்கின்றன. பாஸ்பேட் கலந்த தூளாக இருந்தால் அது பாசிக்கு உரமாகிறது. பெருகிய பாசி மடிந்து அழுகும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைந்து, மற்ற உயிரினங்கள் மூச்சுத் திணறுகின்றன. போதாததற்கு, மழையில்லாத மாதங்களில் வடிகாலில் தேங்கும் சோப்பு நீர் கொசுக்களுக்கு வசதியான இடமாகிறது. துணியிலிருந்து உதிரும் நூல் துகள்கள் வண்டலோடு சேர்ந்து இறுகி நீரோட்டத்தையும் தடுக்கின்றன. தெருவில் வெள்ளம் நிற்கும்போது வடிகாலைக் குறை சொல்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது.

எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று வியப்பாக இருக்கலாம். தொடர்ந்து சில நாட்கள் மழையே பெய்யாத காலத்தில் மழைநீர் வடிகாலில் நீர் ஓடினால், அது எங்கிருந்தோ கள்ளத்தனமாக வருகிறது என்றே முதலில் சந்தேகிக்கப்படும். பிறகு ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்துக்கொண்டே மேல்நோக்கிச் செல்வார்கள். சந்தேகத்துக்குரிய வீட்டின் தொட்டியில் தீங்கற்ற பச்சைச் சாயத்தை ஊற்றிவிட்டு, தெருவில் ஒருவர் வடிகால் மூடியைத் திறந்து வைத்துக் காத்திருப்பார். சற்று நேரத்தில் அங்கே பச்சை நீர் வந்துவிட்டால் வாதாட ஒன்றுமில்லை.

தீர்வு எளிது: குழாயை வீட்டின் கழிவுநீர் இணைப்புக்கு மாற்றுங்கள், துர்நாற்றம் திரும்பி வராமலிருக்க இடையில் நீரடைப்பு வளைவு இருக்கட்டும். கழிவுநீர் இணைப்பே இல்லாத பகுதி என்றால் எந்த வகைக் குழி அமைக்கலாம் என்பதை அலுவலகத்திலேயே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். வாடகை வீடு என்றால் உரிமையாளருக்கு உடனே தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: ஏசியிலிருந்து சொட்டும் நீர், வாசலில் கார் கழுவும் நீர் ஆகியவற்றுக்கும் இதே விதிதானா?

பதில்: அந்த அளவு கடுமை இல்லை. அமெரிக்காவில் 1990-இல் வெளியான மழைநீர் விதிகள் ஏசி நீர், புல்வெளிக்குப் பாய்ச்சும் நீர், வீட்டு வாசலில் தனிநபர் கார் கழுவும் நீர் போன்றவற்றைப் பட்டியலிட்டு, அவை மாசுக்குக் காரணமாகின்றன என்று உள்ளாட்சி கண்டறிந்தால் மட்டுமே நடவடிக்கை தேவை என்று விட்டுவிட்டன. என்னைக் கேட்டால், கார் கழுவும் நீரை அதில் சேர்த்தது நடைமுறைக்காகத் தந்த சலுகையே. எண்ணெய்ப் பிசுக்கும் சோப்பும் அதிலும் உண்டு. மண் தரையிலோ புல்லின் மீதோ காரை நிறுத்திக் கழுவினால் அந்தக் கவலை பெரும்பாலும் தீரும்.

கேள்வி: நீச்சல் குளத்து நீர் பார்வைக்குக் கண்ணாடி போலிருக்கிறது. அதைக்கூட வடிகாலில் விடக் கூடாதா?

பதில்: குளோரினோடு விடக் கூடாது. குளங்களில் குளோரின் அளவை லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை வைத்திருப்பது வழக்கம். நன்னீர் உயிரினங்கள் குறுகிய நேரம் தாங்கக்கூடிய அளவாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகுத்திருப்பதோ 0.019 மில்லிகிராம்தான். குளோரின் சேர்ப்பதை நிறுத்திச் சில நாட்கள் வெயிலில் விட்டாலோ, சோடியம் தயோசல்பேட் சேர்த்தாலோ அது நீங்கும். சோதனைக் கருவியில் சுழியம் காட்டிய பிறகு, அனுமதி பெற்று, மெதுவாகத் திறந்துவிட வேண்டும். வடிகட்டியைக் கழுவிய நீரும் உப்பு நீர்க் குளத்து நீரும் இதில் சேரா; அவற்றைக் கழிவுநீர்க் குழாயில் விடலாமா என்று உள்ளாட்சியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்படியானால் மொட்டை மாடி மழைநீரையும் கழிவுநீர்க் குழாயிலேயே விட்டுவிடலாமே?

பதில்: அதுவும் கூடாது. தனித்தனிக் குழாய்கள் உள்ள ஊரில் கழிவுநீர்க் குழாயின் அளவு வீடுகளின் அன்றாட நீரைக் கணக்கிட்டே வகுக்கப்படுகிறது. பலர் கூரை நீரைத் திருப்பிவிட்டால் கனமழையில் அது நிரம்பி, தெருவிலுள்ள மூடிகள் வழியாகவும் தாழ்வான வீடுகளின் கழிவறை வழியாகவும் கழிவு மேலே பொங்கும். கூரை நீருக்கு உரிய இடம் சேமிப்புத் தொட்டி அல்லது நிலத்தடிக்கு இறக்கும் குழி. அவை நிரம்பிய பின் மிஞ்சுவதை மழைநீர் வடிகாலில் விடலாம்.