கேள்வி-பதில்: பாரின் வேகமும் பர்ஸின் எடையும்

மகளுக்கு 14 வயது. பளுதூக்குதல் பயிற்சிக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. பாரில் (எடை மாட்டும் தண்டில்) பொருத்தி, அது ஏறும் வேகத்தை அளக்கும் சென்சார் 24,000 ரூபாய் என்று விளம்பரம் பார்த்தேன். வாங்கித் தரலாமா?
வாசகி, வேலூர்

வேண்டாம். கெட்டியான, உயர்ந்த குதிகால் வைத்த லிஃப்டிங் ஷூ இருக்கிறதா? ஓடும் ஷூவின் மெத்தையில் நின்று தூக்கும் பிள்ளைக்கு எந்த எண்ணும் உதவாது. பெண்களுக்கான 15 கிலோ, 25 மி.மீ. பாரில்தான் பயிற்சியா என்றும் கோச்சிடம் கேளுங்கள். ஆண்களின் 20 கிலோ பார் 28 மி.மீ. தடிமன். சின்னக் கைக்கு அந்த 3 மி.மீ. பெரிசு.

பார் போகும் பாதையைக் காட்டும் ஆப்புக்குச் சந்தா கட்டினேன். அதே 80 கிலோ ஸ்னாட்ச் (தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது), திங்களன்று உச்ச வேகம் வினாடிக்கு 1.9 மீட்டர், புதனன்று 1.5. ஆப் பொய் சொல்கிறதா?
வாசகர், சேலம்

போனை எங்கே வைத்து எடுத்தீர்கள் என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. கையில் பிடித்து நண்பர் எடுத்திருப்பார் என்று வைத்துக்கொள்கிறேன்.

சாதாரண வீடியோ வினாடிக்கு 30 படம். 1.8 மீட்டர் வேகத்தில் ஏறும் பார், ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே 6 செ.மீ. தாண்டிவிடும். தொடையிலிருந்து பார் மேலே பாயும் இரண்டாம் இழுப்போ ஏறக்குறைய ஐந்தில் ஒரு வினாடிக்குள் முடிந்துவிடுகிறது. ஐந்தாறு படத்தில் உச்ச வேகத்தை எங்கே தேடுவது? ஸ்லோமோஷனில் 240 வைத்தால் அந்த 6 செ.மீ., 7.5 மி.மீ. ஆகும். போனை ஸ்டாண்டில், இடுப்பு உயரத்தில், பாரின் முனைக்கு நேராக, நாலைந்து மீட்டர் தள்ளி வையுங்கள். இன்னொன்று: இத்தகைய ஆப்கள் பிளேட்டின் விட்டத்தை வைத்துத்தான் தூரம் கணக்கிடும். போட்டிப் பிளேட் 450 மி.மீ. உங்கள் ஜிம்மின் இரும்புப் பிளேட் 400 ஆக இருந்து, ஆப் 450 என்று நினைத்தால், வேகம் எட்டில் ஒரு பங்கு கூடிவிடும்.

சோதித்துப் பார்க்க ஆசையா? பம்பர் பிளேட் (கீழே போடத் தாங்கும் ரப்பர் பிளேட்) மாட்டிய பாரை, பிளேட்டின் அடி தரையிலிருந்து 1 மீட்டர் இருக்கும்படி பிடித்து, கையை விடுங்கள். தரையைத் தொடும்போது வேகம் வினாடிக்கு 4.4 மீட்டர் வர வேண்டும். புவியீர்ப்புக்குச் சந்தா கிடையாது.

பேச்சு வந்ததால் என் நெடுநாள் எரிச்சலையும் கொட்டிவிடுகிறேன்: வாட். "2,400 வாட் சக்தி" என்று சென்சார் பெட்டியில் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். உச்சமா, சராசரியா? பாரின் சக்தியா, உடலும் சேர்ந்ததா? முழு இழுப்புக்கா, கடைசித் துண்டுக்கா? ஜான் கார்ஹாம்மர் என்ற அமெரிக்க ஆய்வாளர் போட்டிகளைப் படம்பிடித்து, படம் படமாக அளந்தார். தேர்ந்த ஆண் வீரர்களுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு, முழு இழுப்பின் சராசரி 34 வாட் அளவில், இரண்டாம் இழுப்பில் மட்டும் 52 அளவில் வந்தது. ஆள் அவரே, தூக்கியதும் அதே. எங்கே வெட்டுகிறோம் என்பதில் எண் ஒன்றரை மடங்காகிறது. எதன் வாட் என்று சொல்லாத பெட்டியைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். உடல் கொழுப்பு காட்டும் எடை மெஷின் ஒன்று என் வீட்டிலும் இருக்கிறது. ஈரக்காலோடு ஏறினால் கொழுப்பு குறைகிறது. பழைய பேப்பர்க்காரர் வரும்போது கட்டுகளை நிறுக்க உதவுகிறது, அவ்வளவுதான்.

கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச், ஜெர்க்கில் (தோளிலிருந்து தலைக்கு மேல் தள்ளும்போது) கால் தரையைத் தள்ளும் விசையை அளக்குமா?
வாசகர், மதுரை

மணி காட்டும்.

31,000 ரூபாய்க்கு சென்சார் வாங்கினேன். பெட்டியிலோ விற்பனைப் பக்கத்திலோ சொல்லாத ஆண்டுச் சந்தாவை மூன்றாம் மாதம் கேட்கிறது. கட்டாவிட்டால் என் பழைய பதிவுகளைக்கூடப் பார்க்க முடியவில்லை. "கம்பெனி பாலிசி" என்கிறார்கள்.
வாசகர், திருச்சி

உங்கள் மேல் துளி தப்பும் இல்லை. முழு விலையை மறைத்து விற்றவர்கள் அவர்கள். நீங்கள் வேர்வை சிந்திச் சேர்த்த பதிவைப் பூட்டி வைத்துக் காசு கேட்பதற்குப் பாலிசி என்று பெயரா? பில், ஆர்டர் மெயில், விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், சந்தா கேட்கும் திரை, எல்லாவற்றையும் இன்றே எடுத்து வையுங்கள். நாளைக்கே பக்கத்தை மாற்றிவிடுவார்கள். நிறுவனத்துக்கு எழுத்தில் புகார், மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லையா, மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. விடாதீர்கள்.

ஜிம் நடத்துகிறேன். பழைய ஃபோர்ஸ் பிளேட் (ஏறி நின்றால் கால் தரையைத் தள்ளும் விசையை அளக்கும் பலகை) ஒரு ஜோடி, வாட்ஸ்அப்பில் படம் பார்த்து 1,80,000 ரூபாய் அனுப்பி வாங்கினேன். பில் தரவில்லை. யார் ஏறினாலும் இடது பக்கம் 6 கிலோ அதிகம் காட்டுகிறது.
வாசகர், கோவை

நேரில் பார்க்கவில்லை, பில் இல்லை, முழுப் பணமும் முன்கூட்டியே. இதற்குப் பிறகுதான் எனக்குக் கடிதமா?

சரி. இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். 6 கிலோ பிளேட்டோடு நகர்ந்தால் கோளாறு பிளேட்டில். இடது பக்கத்திலேயே நின்றால் தரை சாய்வு; ரப்பர் பாய்மேல் போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். காலியாக இருக்கும்போது பூஜ்யம் வருகிறதா, எடை தெரிந்த 20 கிலோ பிளேட்டை வைத்தால் 20 வருகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆணையத்துக்குப் போனால், வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோரே அல்ல என்று எதிர்த்தரப்பு முதல் வரியிலேயே சொல்லும். சொந்தப் பிழைப்புக்கான சுயதொழில் என்று நிரூபித்தால்தான் கதவு திறக்கும். அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். உங்களிடம் இருக்கும் ஒரே காகிதம் அதுதான்.