கருப்பு விதவைச் சிலந்தி கடித்தால்: கேள்வி பதில்

அவசர சிகிச்சைப் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். கருப்பு விதவைச் சிலந்தி பற்றிக் கேட்டிருந்தீர்கள், முடிந்தவரை எல்லோருக்கும் பதில் எழுதியிருக்கிறேன். இப்போதுதான் கடிபட்டு வலியில் இருப்பவர் யாராவது இதைப் படித்தால், படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் மருத்துவமனைக்குப் போங்கள்.

விறகுக் குவியலில் பளபளவென்று கருப்பாக ஒரு சிலந்தி இருந்தது. அதுதானா இது?

அடிவயிற்றைப் பாருங்கள். உடுக்கை வடிவத்தில் சிவப்புக் குறி இருந்தால் பெரும்பாலும் அதுதான். வலையில் தலைகீழாகத் தொங்கும் வழக்கம் இருப்பதால், கையால் தொடாமலேயே அந்தக் குறி தெரியும். வட அமெரிக்க இனங்களின் அடையாளம் இது. ஆஸ்திரேலியாவில் இருக்கும் இதன் உறவுக்கார இனத்துக்கு முதுகில் சிவப்புப் பட்டை இருக்கும். மத்தியதரைக் கடல் பகுதி இனத்துக்குச் சிவப்புப் புள்ளிகள். நம்மைத் துன்பப்படுத்துவது பெண் சிலந்திதான். ஆண் மிகச் சிறியது, அதனால் மனிதருக்கு ஆபத்தில்லை.

நேற்று இரவு தோட்டக் கையுறைக்குள் கையை விட்டதும் சுருக்கென்றது. இரண்டு சின்னப் புள்ளிகள் மட்டும் இருக்கின்றன. வேறு ஒன்றும் இல்லை. பயமாக இருக்கிறது டாக்டர்.

நேற்று இரவு கடித்து, இதுவரை வலி பரவவில்லை என்றால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். கடித்தாலும் நஞ்சு இறங்காமல் போவதுண்டு, இறங்கினாலும் கடித்த இடத்து வலியோடு நின்றுவிடுவதுண்டு. உடல் முழுக்கப் பரவுவதாக இருந்தால் பொதுவாக அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தெரிய ஆரம்பிக்கும். கையில் கடித்திருந்தால் வலி அக்குள் வழியாக மார்புக்கு ஏறும். காலில் என்றால் தொடை இடுக்கு வழியாக வயிற்றுக்கும் முதுகுக்கும் போகும். கடித்த இடத்தைச் சுற்றி மட்டும் வியர்த்தால் அதைக் கவனியுங்கள், இந்தக் கடிக்கே உரிய அடையாளம் அது.

இத்தனை சின்னச் சிலந்தியால் இவ்வளவு வலி எப்படி?

இதன் நஞ்சில் ஆல்ஃபா லேட்ரோடாக்சின் என்ற புரதம் இருக்கிறது. நரம்பு முனைகளில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் வேதிப்பொருட்களை ஒரே நேரத்தில் கொட்ட வைப்பதுதான் அதன் வேலை. தசைக்கு "சுருங்கு" என்ற கட்டளை ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும். இதயம் படபடக்கும், இரத்த அழுத்தம் ஏறும், வியர்த்துக் கொட்டும். மிகக் கொஞ்சம் நஞ்சே இதற்குப் போதும்.

1933-இல் அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் ஆலன் பிளேர் என்ற மருத்துவப் பேராசிரியர் இதைத் தன் உடம்பிலேயே சோதித்தார். ஒரு பெண் சிலந்தியைத் தன் விரலில் பத்து விநாடி கடிக்க விட்டார். மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று, துடிதுடித்துப் போனார், ஆனால் பிழைத்துக்கொண்டார். இந்த நஞ்சு நிஜமா என்று அன்று சிலருக்கு இருந்த சந்தேகம் அவருடைய குறிப்புகளால் தீர்ந்தது. தயவுசெய்து யாரும் அதைத் திரும்பச் செய்ய வேண்டாம்.

முதலுதவி என்ன? கயிறு கட்டலாமா?

வேண்டாம். கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, துணியில் சுற்றிய ஐஸை வைத்து, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் புறப்படுங்கள். சிலந்தி கிடைத்தால் தூரத்திலிருந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

என் அண்ணனுக்கு வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டது. அப்பெண்டிக்ஸ் என்று சந்தேகப்பட்டார்கள். அப்புறம்தான் சிலந்திக்கடி என்று தெரிந்தது. இப்படியும் ஆகுமா?

ஆகும். இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தப் பதில்களை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். வயிறு இறுகியிருப்பதைப் பார்த்து அறுவை சிகிச்சை வரைக்கும் போனவர்கள் உண்டு. மார்பு இறுகும்போது மாரடைப்போ என்ற சந்தேகமும் வரும். கடித்த இடத்திலோ பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. வேதனையில் புரள்கிறவரை "இவ்வளவு சின்னக் காயத்துக்கா இப்படி" என்று பக்கத்தில் இருப்பவர்களே கேட்டுவிடுகிறார்கள். அது அநியாயம். ஓரிடத்தில் படுக்க முடியாமல் எழுந்து எழுந்து நடப்பது, முகம் சுளித்துக் கண் இமை வீங்குவது, விடாத வியர்வை, இவை வயிற்று இறுக்கத்தோடு சேர்ந்து வந்தால் ஏதாவது கடித்ததா என்று மருத்துவர் கேட்டாக வேண்டும். அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். பழைய பெட்டியைத் திறந்தேன், ஷூவுக்குள் காலை விட்டேன் என்பது சின்னத் தகவல்தான், ஆனால் அதை விட்டுவிடாதீர்கள்.

கால்சியம் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே?

முன்பு போட்டார்கள். 1992-இல் 163 நோயாளிகளின் பதிவுகளை அலசி வெளியான ஆய்வில் வலிக்கு அது பலன் தரவில்லை என்று தெரிந்தது. இன்று முதலில் கொடுப்பது மார்ஃபின், ஃபென்டனில் போன்ற வலி மருந்துகளும், தசை இறுக்கத்துக்கு லோராசெபாம் போன்றவையும்தான். தயங்காமல் போதுமான அளவு கொடுக்க வேண்டும். இவை இரண்டும் சேரும்போது மூச்சு மந்தமாகலாம் என்பதால் கண்காணிப்பில் வைத்துத்தான் கொடுப்பார்கள்.

விஷமுறிவு மருந்து இருந்தும் எனக்குப் போடவில்லை. ஏன் சார்?

உங்கள் கோபம் புரிகிறது. அந்த மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து தயாராவது. சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரும். நான் மேலே சொன்ன அதே ஆய்வில், மருந்து பெற்றவர்களுக்கு வேதனை சீக்கிரம் அடங்கியது, மருத்துவமனையில் சேர வேண்டியவர்களும் குறைந்தார்கள். ஆனால் மருந்து பெற்ற ஒருவர் மூச்சுக்குழாய் இறுகி இறந்தும் போனார். கடியால் சாவது மிக அரிது என்பதால், மருந்தின் ஆபத்தையும் எடை போட்டுத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

ஆஸ்திரேலிய இனத்துக்கான விஷமுறிவு மருந்தை 2014-இல் 224 பேரிடம் போலி மருந்தோடு, அதாவது ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே கொடுக்கும் மருந்துச் சத்து இல்லாத ஒன்றோடு, ஒப்பிட்டார்கள். இரண்டு மணி நேரத்தில் வலி தணிந்தவர்கள் அசல் மருந்தில் 34 சதவீதம், போலி மருந்தில் 23 சதவீதம். இந்த வித்தியாசத்தை நம்பி மருந்து பலன் தருகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அது வேறு இனம், வேறு மருந்து என்பதால் அந்த முடிவை அப்படியே அமெரிக்க இனத்துக்குப் பொருத்த நான் தயங்குகிறேன். வலி மருந்துக்கு அடங்காத வேதனை, கட்டுக்கு வராத இரத்த அழுத்தம், கர்ப்பம், இதய நோய், இப்படி ஏதாவது இருந்தால் நான் விஷமுறிவு மருந்தின் பக்கம் சாய்வேன். ஆஸ்துமாவோ குதிரைப் புரத ஒவ்வாமையோ இருந்தால் ரொம்பவே யோசிப்பேன்.

கைக்குழந்தையைக் கடித்தால்?

வலியைச் சொல்லத் தெரியாது. எப்படித் தேற்றினாலும் அடங்காத அழுகை, வியர்வை, விறைத்த வயிறு, இவைதான் தெரியும். வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள்.

கடித்த இடம் அழுகிப் போகுமா?

போகாது. தோல் அழுகுவது பிரவுன் ரெக்லூஸ் என்ற வேறு சிலந்தியின் கடியில். புண் பெரிதாகிச் சீழ் வைத்தால் கிருமித் தொற்றா என்று பாருங்கள். சிலந்திக்கடி என்று சொல்லிக்கொண்டு வரும் புண்களில் நிறைய அதுதான்.

விஷமுறிவு மருந்து போட்டு வலி போய்விட்டது. பத்து நாள் கழித்து இப்போது காய்ச்சல், மூட்டு வலி, உடம்பில் தடிப்பு. சிலந்தி விஷம் திரும்பி வருகிறதா?

இல்லை. கடியின் வேதனை பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாளில் அடங்கிவிடும், அதிகம் போனால் ஒரு வாரம். உங்களுடையது சீரம் நோய் மாதிரி தெரிகிறது. குதிரைப் புரதத்தை உடம்பு எதிர்ப்பதால் ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் வருவது. ஒவ்வாமை மாத்திரை, தேவைப்பட்டால் சில நாள் ஸ்டீராய்டு, இவற்றுக்கு அடங்கிவிடும். எந்த மருந்து, எந்தத் தேதியில் போட்டார்கள் என்ற சீட்டை எடுத்துக்கொண்டு இன்றே மருத்துவரைப் பாருங்கள். அந்தச் சீட்டைப் பத்திரமாகவும் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எப்போதாவது குதிரைச் சீரம் போட வேண்டி வந்தால் அதை முதலில் காட்ட வேண்டும்.