தளபதிக்கும் குணாவுக்கும் நடுவில் ஒரு சந்து

கேள்வி: நட்பு, பகை, போட்டி பற்றிய சினிமாப் பாடல்களில் உங்கள் வாழ்க்கையோடு ஒட்டிக்கொண்டது எது? ஏன்?

ஒரு பாட்டோடு நிறுத்த முடியாது, ரெண்டு சொல்லவேண்டும். ரெண்டு படமும் ஒரே நாளில் வந்தவை. 1991 நவம்பர் 5, தீபாவளி. ஒன்று தளபதி, இன்னொன்று குணா.

மும்பை தாராவியில் மாட்டுங்கா லேபர் கேம்ப் பக்கம் எங்கள் சந்து. எனக்கு அப்போது 14 வயது, ரஜினி ரசிகன். எதிர் வீட்டுக்காரன் கமல் ரசிகன். ரெண்டு குடும்பத்துக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், ரெண்டு அப்பாக்களுக்கும் தோல் வேலை. விடிகாலையில் குழாயடியில் அவன் குடமும் என் குடமும் அடுத்தடுத்து நிற்கும். அவன் பெயரை எழுதப்போவதில்லை. படித்தால் அவனுக்கே தெரியும்.

தளபதியை அரோரா தியேட்டரில் பார்த்தோம். கிங்ஸ் சர்க்கிளில் இருந்த அரோராதான் மும்பைத் தமிழர்களுக்கு ஊர்க்கொட்டகை மாதிரி. குணாவை வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட்டில், சந்தே ஒரு வீட்டுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்தோம். அதற்கப்புறம் சண்டைதான். நான் 'காட்டுக்குயிலு மனசுக்குள்ள' என்பேன், அவன் 'கண்மணி அன்போடு' என்பான். ஒருநாள் அவன் எடுத்துவைத்த வாதத்துக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

"ஏல, எங்க ஆளு அவரே பாடியிருக்காரு. உங்க ஆளு வாயத்தான அசைச்சாரு?"

உண்மைதான். 'கண்மணி' கமலும் எஸ்.ஜானகியும் பாடியது. ரெண்டு மாதம் அந்தப் பேச்சைச் சுமந்துகொண்டு திரிந்தேன். 1992 பொங்கலுக்கு மன்னன் வந்தது. அதில் 'அடிக்குது குளிரு' பாட்டை ரஜினியே பாடியிருந்தார், அதுவும் அதே ஜானகியோடு! கேசட்டைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டு வாசலுக்கு ஓடியது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஒரு விஷயம் எங்கள் ரெண்டு பேருக்கும் ரொம்ப நாள் உறைக்கவே இல்லை. தளபதிக்கும் இசை இளையராஜா, குணாவுக்கும் இளையராஜா. ரெண்டுக்கும் பாட்டு எழுதியவர் வாலி. நாங்கள் கட்சி கட்டி அடித்துக்கொண்ட ரெண்டு பாட்டும் ஒரே ஆர்மோனியத்திலிருந்து, ஒரே பேனாவிலிருந்து வந்தவை.

'காட்டுக்குயிலு' எஸ்.பி.பி.யும் யேசுதாஸும் சேர்ந்து பாடியது. நட்புப் பாட்டு என்றால் பொதுவாக ஒருவன் இன்னொருவனைத் தூக்கிவைத்துப் பாடுவதாக இருக்கும். இது அப்படி இல்லை. போகி நெருப்பின் முன்னால் நின்று, 'பழச எல்லாம் சுட்டுத்தள்ளு' என்று ரஜினியும் மம்மூட்டியும் ஆடுகிறார்கள். நீ எவ்வளவு பெரியவன் என்கிற பேச்சே கிடையாது. 14 வயதில் எனக்குத் தாளம்தான் பிடித்திருந்தது. அந்த வரி பிடிபட வெகுகாலம் ஆனது.

படம் பார்த்துவிட்டு வந்த அப்பா, "இது நம்ம கர்ணன் கததாம்ல" என்றார். அவர் காலத்துக் கர்ணன் 1964-இல் வந்தது. தோலை வெட்டிக்கொண்டே 'உள்ளத்தில் நல்ல உள்ளம்' என்று சீர்காழி கோவிந்தராஜன் குரலை எட்டப் பார்ப்பார். கண்ணதாசன் எழுதியது, இசை விஸ்வநாதன்-ராமமூர்த்தி. இந்தக் கேள்விக்கு வேறு யாராவது இந்தப் பாட்டைச் சொல்வார்களா என்று தெரியாது, நான் சொல்வேன். விழுந்து கிடக்கிற கர்ணனைப் பார்த்துப் பாடுகிறவர் துரியோதனன் இல்லை. எதிர்ப்பக்கம் தேரோட்டிய கண்ணன். 'செஞ்சோற்றுக் கடன் தீர்க்க' என்று எதிரியின் நட்பைப் புகழ்ந்துவிட்டு, 'வஞ்சகன் கண்ணனடா' என்று தன் குற்றத்தையும் தானே சொல்லிவிடுகிறார். பகைவனுக்காக ஒருவன் இப்படிப் பாடியதை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

சந்தில் நாங்கள் எதிரிகள் என்றாலும் பள்ளிக்கூடத்தில் ஒரே கட்சி. அதற்கும் ஒரு பாட்டுதான் காரணம். 1968-இல் வந்த பட்டோசன் என்ற இந்திப் படத்தில் 'ஏக் சதுர நார்' என்று ஒரு போட்டிப் பாட்டு. எதிரெதிர் ஜன்னல்களில் இரண்டு ஆண்கள், நடுவில் ஒரு பெண். ஒரு பக்கம் சுனில் தத். மறுபக்கம் பாட்டு வாத்தியாராக மெஹ்மூத், மாஸ்டர் பிள்ளை. குடுமி, நெற்றிப்பட்டை, 'மதராசி' இந்தி. வகுப்பில் நாங்கள் இந்தியில் வாயைத் திறந்தால் போதும், பின்பெஞ்சிலிருந்து பிள்ளையின் குரலில் அந்தப் பாட்டு வரும். எல்லோரும் சிரிப்பார்கள். அவன் என் கையைப் பிடித்து அழுத்துவான், நான் அவன் கையை அழுத்துவேன்.

அந்தப் பாட்டை வெகுகாலம் வெறுத்தேன். பெரியவன் ஆனபின் முழுப்படத்தையும் உட்கார்ந்து பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன், சுனில் தத் பாடவே இல்லை. அவர் வாயசைக்க, ஒளிந்திருந்து பாடுகிறவர் கிஷோர் குமார். அந்தப் போட்டியில் சொந்தத் தொண்டையை நம்பி நிற்பது பிள்ளை மட்டும்தான். கதையில் தோற்பதும் அவர்தான். பிள்ளைக்குக் குரல் கொடுத்த மன்னா டே சாஸ்திரிய சங்கீதம் படித்தவர். அவர் ஸ்வரங்களில் புகுந்து வருகிற இடங்களை நிதானமாகக் கேட்டுப்பாருங்கள். தோற்கிற ஆளுக்கு இசையமைப்பாளர் ஆர்.டி.பர்மன் எவ்வளவு கனமான வேலை கொடுத்திருக்கிறார் என்பது தெரியும். அன்று முதல் எனக்கு அந்தப் பாட்டின் மேல் கோபம் இல்லை. சிரித்தவர்கள் மேல் கொஞ்சம் இருக்கிறது.

நம் பக்கத்திலும் தோற்கிறவருக்கு மரியாதை உண்டு. திருவிளையாடலில் (1965) டி.எஸ்.பாலையா நடித்த ஹேமநாத பாகவதர் கடைசியில் ஊரைவிட்டே போகிறார். ஆனால் அவருக்குத்தான் பாலமுரளிகிருஷ்ணா குரலில் 'ஒருநாள் போதுமா'. ஜெயித்த பக்கத்தில் டி.எம்.எஸ்.ஸின் 'பாட்டும் நானே'. எது உசத்தி என்று இன்றைக்கும் கல்யாண வீடுகளில் பேசிக்கொண்டிருக்கிறோம். அப்புறம் வஞ்சிக்கோட்டை வாலிபன் (1958), பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஆடுகிற 'கண்ணும் கண்ணும் கலந்து'. பி.எஸ்.வீரப்பாவின் 'சபாஷ், சரியான போட்டி' அங்கிருந்துதான் நம் பேச்சுவழக்குக்குள் வந்தது. அதற்கு இசை சி.ராம்சந்திரா, பம்பாய்ப் படவுலகில் கொடிகட்டிய மராத்திக்காரர். எங்கள் சால் குடியிருப்பில் மராத்தி நண்பர்களிடம் இதைச் சொல்வதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

கிஷோரும் மன்னா டேயும் பட்டோசனில் அப்படி முட்டிக்கொண்டார்களே, ஏழு வருஷம் கழித்து 1975-இல் ஷோலேயில் அதே ஆர்.டி.பர்மனுக்கு அதே ரெண்டு பேரும் 'யே தோஸ்தி' பாடினார்கள். இந்த நட்பை முறிக்க மாட்டோம் என்று, மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டே பாடுவதாக வரும். மும்பையில் மினர்வா தியேட்டரில் ஐந்து வருஷத்துக்கு மேல் ஓடிய படம். நாங்களும் வாடகை சைக்கிளில் டபுள்ஸ் போகும்போது அதைத்தான் கத்திக்கொண்டு போவோம். அவன் மிதிப்பான், நான் பின்னால்.

சரி, பகைக்கு வருகிறேன். எழுதக் கஷ்டமான இடம்.

2009-இல் நாங்கள் ரெண்டு பேரும் பார்ட்னராகச் சேர்ந்து ஒரு கார்கானா, அதாவது பட்டறை, தொடங்கினோம். தோல் பை, பெல்ட். நாலு வருஷம் நன்றாகத்தான் போனது. 2013-இல் பெரிய ஆர்டர் ஒன்றை அவனிடம் கேட்காமல் என் பெயரில் எடுத்தேன். அவன் ஊரில் இருந்தான், அவசரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பி வந்தவன் கத்தவில்லை. கணக்கைப் பார்த்தான், தன் பங்கை எடுத்துக்கொண்டான். எதிர்வரிசையில் தனியாக ஒரு கார்கானா போட்டான். நான் விலையைக் குறைத்தேன், அவனும் குறைத்தான். ரெண்டு பேருக்கும் நஷ்டம். எதிரே வந்தால் ஃபோனைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொள்வோம். 11 வருஷம் இப்படிப் போனது.

என்னிடம் தையல் வேலை பார்த்த உத்தரப்பிரதேசத்துப் பெரியவர் ஒருவர் நாள் முழுக்கப் பழைய பாட்டு வைத்திருப்பார். சங்கம் (1964) படத்தின் 'தோஸ்த் தோஸ்த் நா ரஹா' வந்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். நண்பன் நண்பனாக இல்லாமல் போனான் என்று முகேஷ் அழுகிற பாட்டு. எனக்கு அது பொருந்தாது. நண்பனாக இல்லாமல் போனது நான்.

அதைவிட என்னைப் பிடித்து உலுக்கியது 1966-இல் வந்த ஒரு பாட்டு. ஆயே தின் பஹார் கே படத்தில் ரஃபி பாடிய 'மேரே துஷ்மன்'. ஆனந்த் பக்ஷி எழுதியது. 'என் பகையே, என் நட்புக்காக நீ ஏங்கித் தவிக்கவேண்டும்' என்று தொடங்கும். கேட்டால் சாபம். நாசமாய்ப் போ என்று சொல்லவில்லை பாருங்கள். என் நட்பு கிடைக்காமல் தவி என்கிறார். அப்படியானால் தன் நட்புக்கு இன்னும் விலை இருக்கிறது என்று சபிப்பவரே நம்புகிறார். எதிர்வரிசையில் விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டே அந்தப் பாட்டை எத்தனையோ ராத்திரி கேட்டிருக்கிறேன். அவன் எனக்குப் போட்ட சாபம் மாதிரியே இருக்கும், பலிக்கவும் செய்தது.

பகைவர்கள் நண்பர்களாகிற பாட்டு வேண்டுமென்றால் ஜஞ்சீர் (1973) படத்து 'யாரி ஹை ஈமான் மேரா'. போலீஸ்காரர் அமிதாப்பும் சூதாட்டக்காரர் பிராணும் முதலில் அடித்துக்கொள்கிறார்கள், அப்புறம் உயிர்த்தோழர்கள். அமிதாப்பின் முகத்தில் ஒரு சிரிப்பு வரவைக்க பிராண் ஆடுகிறார். இதற்கும் குரல் மன்னா டேதான்.

2024 பிப்ரவரியில் மஞ்ஞும்மல் பாய்ஸ் வந்தது. மலையாளப் படம், கொச்சிப் பக்கத்துப் பையன்கள் 2006-இல் கொடைக்கானல் குணா குகைக்குப் போனபோது நடந்த உண்மைச் சம்பவம். ஒருவன் குழிக்குள் விழுகிறான், கயிற்றைக் கட்டிக்கொண்டு நண்பன் இறங்குகிறான். அவர்கள் மேலே வருகிற இடத்தில் 'கண்மணி அன்போடு' வருகிறது. இது மனிதக் காதல் அல்ல என்ற அந்த வரி, குகையும் சேறும் ரத்தமுமாக, ரெண்டு ஆண்களின் நட்பின் மேல் வந்து விழுகிறது. 33 வருஷமாக அதைக் காதல் பாட்டு என்று நினைத்திருந்தேன், அவன் கட்சிப் பாட்டு என்று நினைத்திருந்தேன். தியேட்டரில் என் மனைவி கைக்குட்டையை எடுத்து என் கையில் திணித்தாள்.

அன்று ராத்திரி நான்தான் ஃபோன் செய்தேன். நம்பர் மாறியிருக்குமோ என்று பயம். மாறவில்லை.

"என்னல," என்றான், 11 வருஷம் நடுவில் இல்லாததுபோல.

"படம் பாத்தேம்ல."

"நான் ரெண்டு தடவ பாத்துட்டேன்."

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசவில்லை. அந்த ஆர்டர் விஷயத்தில் தப்பு என்னுடையது என்று சொன்னேன். "தெரியும்ல, விடு" என்றான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "இப்பமாவது ஒத்துக்கிடுதியா, கண்மணிதான் பெருசுன்னு?"

பாதி ஒத்துக்கொண்டேன். மீதிப் பாதிக்குக் காட்டுக்குயிலு இருக்கிறது, அதை விடமாட்டேன் என்றேன். மறுநாள் காலையில் கார்கானாவைத் திறக்கப் போனபோது, எதிர்வரிசை வாசலில் ரெண்டு கட்டிங் சாயோடு நின்றுகொண்டிருந்தான்.