ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர்: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய இயந்திரங்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். கோவையில் முப்பது வருடத்துக்கு மேல் லேத் பட்டறை நடத்திவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். மகன் இத்தாலியில், துரின் நகரில் படித்து முடித்து அங்கேயே வேலை பார்க்கிறான். சேர்த்து வைத்த பணத்தில் 1974ஆம் வருட ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர் ஒன்றை வாங்கப் போவதாகச் சொல்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை. விசாரித்த வரையில், துருப்பிடிக்கும், எண்ணெய் ஒழுகும், இன்றைய சாதாரணச் சின்னக் கார்கூட அதை முந்திவிடும் என்கிறார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் பிரீமியர் பத்மினி இருந்தது. விற்றபோது வருத்தமாக இருந்தது, ஆனால் மறுபடி வாங்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. இந்தக் காருக்கு மட்டும் உலகம் முழுக்க இத்தனை பேர் உயிரை விடுவது எதனால்? அழகில் மயங்கியா? சினிமாவில் வந்ததாலா? மகனைத் தடுப்பதா, விட்டுவிடுவதா?

அன்புடன்,
சு.,
கோவை

அன்புள்ள ஐயா,

அழகு, சினிமா இரண்டும் உண்மைதான். முதலில் அவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

துணிக்கூரையை மடக்கிவிட்டு ஓட்டும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஸ்பைடர். 1966 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அது அறிமுகமானது. துரினின் பினின்ஃபரினா நிறுவனம் அதற்கு உடல் வரைந்தது. நிறுவனர் பத்திஸ்தா பினின்ஃபரினா தன் கையால் மேற்பார்த்த கடைசி வடிவங்களில் அது ஒன்று. கண்காட்சி நடந்த சில வாரங்களில், ஏப்ரல் 3 அன்று அவர் காலமானார். முன்னும் பின்னும் ஒரே மாதிரி ஒடுங்கி, பக்கவாட்டில் நீளமாக ஒரு பள்ளம் ஓடும் அந்த முதல் வடிவத்துக்கு இத்தாலியர்கள் கணவாய் ஓடு என்று பட்டப்பெயர் வைத்தார்கள். 1970இல் பின்பக்கத்தைச் செங்குத்தாக வெட்டிவிட்டார்கள். உங்கள் மகன் பார்த்திருப்பது இந்த வெட்டுவால் ரகம். எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். 1967இல் வந்த ‘தி கிராஜுவேட்’ என்ற ஹாலிவுட் படத்தில் டஸ்டின் ஹாஃப்மன் சிவப்பு ஸ்பைடரை ஓட்டினார். அமெரிக்கா முழுக்க அந்தக் கார் பேசப்பட்டது. 1980களில் விலை குறைந்த ஒரு ரகத்துக்கு நிறுவனம் அந்தப் படத்தின் பெயரையே வைத்து அங்கே விற்றது.

ஆனால் அழகும் சினிமாவும் ஒருவரைக் காரின் கதவு வரைக்கும்தான் கூட்டி வரும். அழகான கார்கள் அந்தக் காலத்தில் ஏராளமாக வந்தன. அவற்றில் பல இன்று அருங்காட்சியகத்தில் நிற்கின்றன, அல்லது பெரும் பணக்காரர்களின் கொட்டகையில் உறை போட்டுக் கிடக்கின்றன. ஸ்பைடரோ இன்னும் ரோட்டில் ஓடுகிறது. ஓட்டுகிறவர்களில் ஆசிரியர், தச்சர், ஓய்வுபெற்ற தபால்காரர் என்று எல்லா வகை ஆட்களும் உண்டு. அந்த மேனிக்கு அடியில் இருந்த இயந்திரம் இத்தாலியில் எல்லோருடைய இயந்திரமாகவும் இருந்தது என்பதுதான் நான் காணும் காரணம்.

ஆல்ஃபா ரோமியோ 1910இல் மிலானில் பிறந்த நிறுவனம். 1950, 1951 இரண்டு வருடமும் ஃபார்முலா 1 உலகப் பட்டத்தை அதன் கார்கள்தான் வென்றன. ஓட்டியவர்கள் ஃபரினாவும் ஃபாஞ்சியோவும். ஆனால் அரசுக்குச் சொந்தமாகிவிட்ட அந்த நிறுவனம் பந்தயத்தை வைத்து மட்டும் பிழைக்க முடியாது. நடுத்தரக் குடும்பத்துக்குக் கார் செய்தாக வேண்டும். ஒராத்சியோ சத்தா புலிகா என்ற பொறியாளர் தலைமையில் 1954இல் ஜூலியெத்தா என்ற கார் வந்தது. குடும்பக் கார்தானே என்று என்ஜினை அவர்கள் மலிவாகச் செய்யவில்லை. முழுக்க அலுமினியம். சிலிண்டர் ஹெட்டின் மேலே, வால்வுகளைத் திறப்பதற்கு, செயினில் ஓடும் இரண்டு கேம்ஷாஃப்ட். அரைக்கோள வடிவ எரிஅறை. வெப்பத்தைக் கடத்துவதற்காக எக்ஸாஸ்ட் வால்வின் தண்டுக்குள் சோடியம் நிரப்பியிருப்பார்கள். பந்தயக் காருக்குச் செய்கிற வேலை இது. அதே காலத்தில் ஆங்கிலேயர்கள் தங்கள் எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் காருக்கு வைத்தது வார்ப்பிரும்பு என்ஜின், தள்ளுகம்பி வால்வு, நாலு கியர். ஸ்பைடருக்கு முதல் நாளிலிருந்தே ஐந்து கியர், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக்.

1290 சிசியில் தொடங்கிய அந்த என்ஜின் 1570, 1779, 1962 என்று வளர்ந்தது. ஸ்பைடரில் இருந்ததும் அதுதான். அதை எங்கெல்லாம் மாட்டினார்கள் தெரியுமா? ஜூலியா என்ற நாலு கதவுக் குடும்பக் காரில். அதே ஜூலியாவை இத்தாலிய போலீஸ் ரோந்துக்கு வைத்திருந்தது. சாமான் ஏற்றும் வேனில்கூட அதன் சக்தி குறைத்த வடிவம் இருந்தது. இன்னொரு பக்கம், ஜி.டி.ஏ. என்ற இலகு ரகக் கார் அதே என்ஜினில் சிலிண்டருக்கு இரண்டு பிளக் வைத்து 1966, 1967 ஐரோப்பிய டூரிங் கார் பட்டங்களை அள்ளியது. காய்கறி வேனுக்கும் பந்தயக் காருக்கும் ஒரே குடும்பத்து என்ஜின் என்றால், ஊருக்கு ஊர் அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக் இருந்தே தீருவான்.

ஸ்பைடரின் தயாரிப்பு 1966இல் தொடங்கி 1993இல்தான் நின்றது. மொத்தம் சுமார் 1,24,000 கார்கள். பம்பர் மாறியது, வால் மாறியது, 1983இல் பின்னால் ஒரு கறுப்பு ரப்பர் மீசையை ஒட்டினார்கள் (அதை நான் ரசித்ததே இல்லை), 1990இல் எல்லாவற்றையும் வழவழப்பாக்கினார்கள். ஆனால் அடித்தளமும் என்ஜின் குடும்பமும் கடைசி வரை அதேதான். அந்தக் காலத்தில் இதைக் கம்பெனியின் சோம்பேறித்தனம் என்று திட்டியவர்கள் உண்டு. இன்று அதுவே வரம். உதிரிபாகத்துக்கு இருபத்தேழு வருடச் சந்தை. வாட்டர் பம்ப், கேஸ்கெட், பிரேக் பாகங்கள், கதவு ரப்பர், தரைத் தகடு எல்லாம் ஐரோப்பாவில் புதிதாகவே செய்து விற்கிறார்கள். உங்கள் பத்மினி அவ்வளவு வருடம் தாக்குப்பிடித்ததற்கும் காரணம் இதுதான் என்று நீங்களே அறிவீர்கள். பாகம் கிடைக்காத காரை எவ்வளவுதான் நேசித்தாலும் ஒருநாள் தார்ப்பாய் போட்டு மூடத்தான் வேண்டும்.

நீங்கள் பட்டறைக்காரர் என்பதால் ஒரு வேலையை விவரமாகச் சொல்கிறேன். இந்த என்ஜினில் வால்வு இடைவெளி சரிசெய்வதற்குத் திருகு கிடையாது. கேம்ஷாஃப்ட்டுக்குக் கீழே கவிழ்த்த கிண்ணம்போல ஒரு டேப்பெட். கிண்ணத்துக்குள்ளே, வால்வு தண்டின் தலையில், சுண்டுவிரல் நகத்தளவு ஒரு ஷிம், அதாவது இடைவெளியை நிரப்பும் சின்னத் தகடு. முதலில் எட்டு வால்வுக்கும் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை விட்டு இடைவெளியை அளந்து தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு இரண்டு கேம்ஷாஃப்ட்டையும் கழற்றி, கிண்ணத்தை எடுத்து, ஷிம்மை மைக்ரோமீட்டரில் அளந்து, எந்த வால்வுக்கு எவ்வளவு கூட வேண்டும், குறைய வேண்டும் என்று கணக்குப் போட வேண்டும். ஷிம்கள் 0.025 மி.மீ. வித்தியாசத்தில் வரிசையாகக் கிடைக்கின்றன. மாற்றி, கேமை மாட்டி, குறி பார்த்து, மறுபடி எட்டையும் அளக்க வேண்டும். ஜெர்மனியில் நண்பர் ஒருவர் தன் காருக்கு இதைச் செய்தபோது பக்கத்தில் நின்றேன். ஒரு வால்வு மட்டும் கணக்குக்கு ஒத்துவரவில்லை. அவர் முகம் சுளிக்காமல் கேமை மறுபடி கழற்றினார். மாலையில் ஸ்டார்ட் செய்தபோது டிக்டிக் சத்தம் சுத்தமாக அடங்கி, செயினின் மெல்லிய இரைச்சல் மட்டும் கேட்டது. ஒருமுறை சரியாகச் செய்துவிட்டால் பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அதைத் தொட வேண்டியதில்லை. இந்தக் காரை வைத்திருப்பவர்களின் பாசம் எங்கே ஊறுகிறது என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. முடிந்த வேலை கையிலும் காதிலும் தெரிகிறது. இன்றைய காரில் மூடியைத் திறந்தால் பிளாஸ்டிக் உறைதான் தெரியும்.

அமெரிக்காவுக்குப் போன ஸ்பைடர்களின் கதையையும் சொல்ல வேண்டும். அங்கே புகைக் கட்டுப்பாடு வந்ததால் 1969 முதல், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குப் பதிலாக ஸ்பிகா என்ற மெக்கானிக்கல் ஃபியூல் இன்ஜெக்‌ஷனை வைத்தார்கள். டீசல் பம்பின் வம்சம் அது; மின்னணு எதுவும் இல்லை, எல்லாமே கேமும் நெம்பும் ஸ்பிரிங்கும். என்ஜின் சூட்டை உணர்ந்து பெட்ரோலைக் குறைக்கும் ஒரு சின்னப் பாகம் கெட்டால் போதும், கார் கறுப்புப் புகையாகக் கக்கும். பெரும்பாலான மெக்கானிக்குகள் புரியாமல் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெபர் கார்புரேட்டர் போட்டார்கள். சில உரிமையாளர்கள் மட்டும் விடவில்லை. பம்பைப் பிரித்து, படம் போட்டு, அளவு எழுதி, ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தார்கள். இன்று ஸ்பிகாவை ஒழுங்காக ஓட வைப்பவர்களுக்கு அந்த வட்டத்தில் தனி மதிப்பு. உற்பத்தியாளர் கைவிட்ட அறிவை வாடிக்கையாளர்களே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். இது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. கூடவே ஒரு செய்தி: வால்வு திறக்கும் நேரத்தை ஓட்டத்துக்கேற்ப மாற்றும் ஏற்பாட்டோடு விற்பனைக்கு வந்த முதல் கார், 1980இல் அமெரிக்கா போன இதே ஸ்பைடர்தான். பழசு என்று ஒதுக்கப்பட்ட என்ஜினில்தான் அதையும் செய்தார்கள்.

வேகத்தைப் பற்றிக் கேட்டீர்கள். 1974இன் 2000 சிசி ஸ்பைடருக்கு சுமார் 130 குதிரைத்திறன், எடை ஒரு டன்னைச் சுற்றி. இன்றைய காரோடு போட்டி போட்டால் தோற்கும், சந்தேகமில்லை. ஆனால் மலைப்பாதையில் அறுபது கிலோமீட்டர் வேகத்திலேயே இந்தக் கார் ஓட்டுகிறவனிடம் பேசத் தொடங்கிவிடும். டேஷ்போர்டுக்குக் கீழிருந்து சாய்வாக நீண்டு கைக்கு வரும் கியர் கம்பி, மூவாயிரத்துக்கு மேல் என்ஜினின் தொண்டை மாறுவது, வளைவில் பின்பக்கம் லேசாகக் கனம் மாற்றுவது எல்லாமே உடம்புக்குத் தெரியும். சட்டம் அனுமதிக்கிற வேகத்திலேயே இவ்வளவு சந்தோஷம் கிடைக்கும்போது, இருநூறில் போய் ஒன்றும் உணராத காரை வைத்து என்ன செய்வது? இதை முழு மனதோடுதான் கேட்கிறேன்.

இனி உங்கள் பயம். துரு பற்றி உங்களிடம் சொன்னவர்கள் சொன்னது சரி. கதவுக்குக் கீழே, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே நீளமாக ஒரு இரும்புப் பெட்டி ஓடுகிறது. கூரை இல்லாத காருக்கு அதுதான் முதுகெலும்பு. அடுக்கடுக்கான தகடுகளால் ஆனது. வெளித்தகடு பளபளவென்று இருக்கும்போதே உள்தகடு மக்கிப் போயிருக்கலாம். துணிக்கூரை மடங்குமிடத்தில் மழைத்தண்ணீர் வடியும் துளைகள் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கி அரிக்கும். பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்து விற்கிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

ஆகவே மகனைத் தடுக்க வேண்டாம், ஆனால் அவசரப்பட விடாதீர்கள். அவனிடம் சொல்லுங்கள்: காரைப் பின்சக்கரத்தருகே ஜாக்கியில் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடிப் பார்க்கட்டும். கதவு இடித்தாலோ இடுக்கு சுருங்கினாலோ அந்தக் கார் வேண்டாம். தரை விரிப்பை எடுத்துத் தகட்டைப் பார்க்கட்டும், பட்டி பூசிய இடத்தைக் கண்டுபிடிக்கக் காந்தத்தைக் கையோடு கொண்டு போகட்டும். குளிர்ந்த என்ஜினில் இரண்டாவது கியர் கரகரத்தால் பயப்பட வேண்டாம். கியர் மாறும்போது வேகங்களை ஒத்துப்போக வைக்கும் சிங்க்ரோ என்ற பாகத்தின் பிறவிக் குணம் அது, விலையைக் குறைக்கப் பேசலாம். ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா என்று பார்க்கட்டும். ஹெட் கேஸ்கெட்டில் எண்ணெய் வழிகளைச் சுற்றி இருக்கும் சின்ன ரப்பர் வளையங்கள் சோர்ந்து போவது இந்த என்ஜினில் வழக்கம். அதையும் சரிசெய்துவிடலாம். ஆவணத்துக்கு, சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் எப்போது உற்பத்தியானது என்று ஆல்ஃபாவின் ஆவணக் காப்பகமே சான்றிதழ் தருகிறது. பழைய வாகனங்களுக்கான இத்தாலியச் சங்கமான ஏ.எஸ்.ஐ.யின் தலைமையகம் அவன் இருக்கும் துரினிலேயே உள்ளது. முப்பது வருடம் தாண்டிய கார் என்பதால் வழக்கமான வருடாந்திர வரியும் இல்லை.

என்ஜின் கெட்டிருந்தால் விலை பேசி வாங்கலாம். தகடு கெட்டிருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். நல்ல தகடு உள்ள கார் கிடைக்க ஒரு வருடம் ஆனாலும் காத்திருக்கட்டும். 1974தான் வேண்டும் என்று அடம்பிடிக்காமல் 1980களின் கார்களையும் பார்க்கட்டும், விலை குறைவாக இருக்கும், அடியில் ஓடுவது அதே குடும்பத்து என்ஜின்தான். வாங்கியபிறகு ஷிம் மாற்றும் நாளில் நீங்கள் அங்கே இருக்கும்படி பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோமீட்டர் பிடித்துப் பழகிய கை அவனுக்கு அன்று தேவைப்படும்.

அன்புடன்.