வெள்ளோட்டில் படகு விடலாமா?

கேள்வி: ஈரோட்டுக்குப் பக்கத்திலேயே வெள்ளோட்டில் அவ்வளவு பெரிய ஏரி, அடர்ந்த மரங்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் நடப்பதைத் தவிர ஒன்றும் இல்லை. ஊட்டி, ஏற்காடு மாதிரி படகு விட்டால் என்ன?
- வாசகர், ஈரோடு

பதில்: விடக் கூடாதுங்க. அது பறவைகள் சரணாலயம்.

தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரங்களைக் கவனித்தீர்களா? அவைதான் அங்கு வரும் பறவைகளின் பிரசவ அறை. மார்கழியில் ஒரே மரத்தில் அடுக்கடுக்காகக் கூடு இருக்கும். கூழைக்கடாக் குஞ்சு தாயின் தொண்டைப்பைக்குள் கழுத்துவரை தலையை விட்டு மீனை எடுப்பதைக் கரையில் நின்றே பார்க்கலாம். அந்த மரத்தடியில் ஒரு மோட்டார் படகு போனால் தாய்ப்பறவை எழும்பிவிடும். முட்டை வெயிலில் கிடக்கும். காக்கை அதற்காகவே காத்திருக்கும். கூட்டமாகக் கூடு கட்டும் பறவைகள் இப்படித் தொடர்ந்து விரட்டப்பட்டால் அந்த இடத்தையே விட்டுப் போய்விடும்.

ஏரி பெரியதுதான், ஏறக்குறைய 77 ஹெக்டேர். கீழ்பவானி வாய்க்காலின் கசிவுநீரையும் மழையையும் நம்பி நிற்கிற ஏரி அது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்தது. ஆனால் எனக்கு அந்தப் பட்டியலைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பல வருடங்களாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவை பயந்துவிடும் என்பதுதான் காரணம். சத்தமில்லாத மத்தாப்போடு பிள்ளைகள் பண்டிகையை முடித்துக்கொள்கிறார்கள். பத்து வயதுப் பையன் கையில் வெடி இல்லாமல் ஒரு தீபாவளியைக் கடத்துவது லேசான காரியமா? அவன் விட்டுக்கொடுத்த அமைதியில் நாம் போய் ஞாயிற்றுக்கிழமை மோட்டார் ஓட்டக் கேட்பது நியாயமே இல்லை.

தண்ணீரில் போக ஆசையா, சரி, தாராளமாகப் போங்கள். ஊட்டி ஏரி 1824-ல், கோவை கலெக்டராக இருந்த ஆங்கிலேயர் சல்லிவன் காலத்தில் மனிதர்கள் உண்டாக்கியது, ஏற்காட்டிலும் படகு இருக்கிறது. காரமடைக்கு மேற்கே பரளிக்காட்டில், பில்லூர் அணைத் தண்ணீரில் வனத்துறையே பரிசல் விடுகிறது. முன்பதிவு செய்துகொண்டு போக வேண்டும்.

'நடப்பதைத் தவிர ஒன்றும் இல்லை' என்கிறீர்களே, அதில் ஒரு நியாயம் இருக்கிறது. பெயர் தெரியாத பறவையை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? அப்படியானால் கேட்க வேண்டியதைக் கேட்போம். வாடகைக்குப் பைனாகுலர். ஞாயிறு காலையில் கூடவே நடந்து பெயர் சொல்ல, வெடி வெடிக்காத அந்த ஊர்களிலிருந்தே நான்கு இளைஞர்கள், அவர்களுக்குச் சம்பளம். நீங்கள் ஒரு மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது.

அதுவரைக்கும், மார்கழியில் ஒருநாள் நேரத்திலேயே போய்ப் பாருங்கள். போன வருடம் என் அண்ணன் மகனிடம் ஒரே ஒரு மரத்தைக் காட்டி, கூடுகளை எண்ணச் சொன்னேன். முப்பதைத் தாண்டும்போது ஒரு நீர்க்காகம் வந்து இறங்க, கணக்கு விட்டுப்போனது. மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தான். அவனை வீட்டுக்குக் கிளப்புவதற்குள் பத்து மணி ஆகிவிட்டது.